மூன்று சென்ட் மழை

நெடுங்கரைப்பாக்கத்தில் மழைக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று ஊர் கண்டுகொண்டது ஓர் ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. அதற்கு முன்னால் அங்கே பெய்ததெல்லாம் படிக்காத மழை. மேடு பள்ளம் பாராமல், பட்டா புறம்போக்கு பாராமல், கோயிலென்றும் சாராயக்கடையென்றும் பாராமல் பெய்துவிட்டுப் போன மழை. அன்றைக்கு வந்த மழையோ ஊர் எல்லையில் கொஞ்ச நேரம் நின்று, விலாசம் தேடுகிற தபால்காரரைப்போல இங்குமங்கும் பார்த்து, மெட்ரோ நிலையத்தைத் தாண்டி, மேம்பாலத்தைத் தாண்டி, பதினெட்டு மாடிக் கட்டடங்கள் ஆறையும் தாண்டி, தேசம்மாளின் வீட்டுக்கு நேர் மேலே வந்து நிலைகொண்டு, அந்த மூன்று சென்ட்டில் மட்டும் பெய்யத் தொடங்கியது.

தேசம்மாள் அப்போது மொட்டைமாடியில் கூழ் வத்தல் பிழிந்துகொண்டிருந்தாள். வத்தல் போட்டு விற்பதுதான் அவள் பிழைப்பு. ஜவ்வரிசி வத்தல், கூழ் வத்தல், தக்காளி வத்தல் என்று வெயிலைக் காசாக்கிப் பதினாறு வருடமாகக் குடும்பம் நடத்தியவள். வத்தல் போட்டால் மழை வரும் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம், ஆகவே முதல் துளி விழுந்தபோது அவள் வழக்கம்போல வானத்தைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு, துணியோடு வத்தலைச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடினாள். வாசலுக்கு வந்து பார்த்தால் தெரு காய்ந்து கிடந்தது. எதிர்வீட்டுக்காரி கொடியில் போட்ட துணியை எடுக்காமல் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாடி தேசம்மா, உங்க வூட்டுக்கு மட்டும் தனியா மோட்டர் போட்டுக்கினியா?"

"ஆமாண்டி, மேல டேங்க் கட்டி வெச்சிருக்கேன். வந்து தொட்டுப் பாரு."

எதிர்வீட்டுக்காரி வந்து கையை நீட்டிப் பார்த்தாள். கை நனைந்தது, முழங்கை நனையவில்லை. சரிதான் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு இருப்பது நினைவுக்கு வந்து அவள் உள்ளே போய்விட்டாள். அந்த ஊர் அதிசயத்தை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டது. ஆறேழு வருடத்தில் அறுபது ஏக்கர் ஏரி காணாமல் போனதையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு விஷயமா?

மழை ஏன் அப்படிப் பெய்தது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊருக்கு மெட்ரோ ரயில் வந்தபோது, நகரத் திட்ட ஆபீஸில் யாரோ ஒருவர் வரைபடத்தில் நிலையத்தின் மேல் கவராயத்தின் முள்ளைக் குத்தி, ஐந்நூறு மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இனி எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டலாம். ரயிலடியில் ஜனம் நெருக்கமாகக் குடியிருந்தால் கார் குறையும், புகை குறையும், தூரத்துக் கழனியும் காடும் பிழைக்கும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது, அதில் பொய்யில்லை. ஆனால் கவராயத்துக்குக் கண் கிடையாது. வட்டத்தில் பாதி ஏரிக்குள் விழுந்தது. வட்டத்தைத் திருத்துவதா, ஏரியைத் திருத்துவதா என்று யோசித்தார்கள். ஏரியைத் திருத்துவது சுலபமாக இருந்தது.

ஏரியைப் பார்வையிடக் கத்திரி வெயிலில் வந்தார்கள். சித்திரை மாதத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஏரிக்குள் ஷூ நனையாமல் நடந்து, குடைக்குக் கீழே நின்று இளநீர் குடித்து, 'தரிசு நிலம், நீர் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆட்சேபணை இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று செய்தித்தாளின் உள்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அந்தத் தாள் தேசம்மாள் வீட்டுக்கும் எடைக்கு வாங்கிய பழைய பேப்பராக வந்து சேர்ந்தது. அதில் அவள் கால் கிலோ வத்தல் மடித்துக் கொடுத்தாள். கட்டடம் முதலில் எழும்பியது, அனுமதிக் காகிதம் பின்னால் நடந்து வந்தது, பிள்ளை பிறந்த பிறகு தாலி கட்டியதைப்போல.

வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் முதல் மூன்று மழைக்கும் தரைக்கடி கார் நிறுத்தத்தில் கழுத்தளவு தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார்கள். கூச்சலைத் தணிக்க ஆபீஸ் கடைசி வரைபடத்தைத் தயாரித்தபோது அதன் அடியில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தது: 'நீல வண்ணமிட்ட பகுதி தவிர வேறெங்கும் நீர்வரத்து அனுமதிக்கப்பட மாட்டாது.' யாரோ பொழுது போகாமல் எழுதிய வாக்கியம்தான். ஆனால் முத்திரை விழுந்துவிட்டது, மழை அதைப் படித்துவிட்டது, படித்ததற்குக் கட்டுப்பட்டும் விட்டது. அந்த ஆபீஸின் உத்தரவுக்கு இந்த ஊரில் கட்டுப்பட்டது அது ஒன்றுதான்.

நீலம் எங்கும் இல்லாதபோது மழை ஏன் தேசம்மாளைத் தேடி வந்தது என்றால், அதற்குக் காரணம் ஒரு கண்ணாடிப் பேப்பர் வெயிட். உள்ளே பிளாஸ்டிக் ரோஜாப்பூ வைத்த கண்ணாடிக் குண்டு, கண்காணிப்பாளர் வைத்தியலிங்கத்துடையது. தேசம்மாளின் வீடு பட்டா நிலம்தான் என்றாலும் ஏரிக்கரையை ஒட்டி இருந்ததால், பழைய காலத்தில் யாரோ தூரிகையைத் தாராளமாக இழுத்ததில் அதன்மேலும் நீலம் படிந்திருந்தது. ஏரியின் நீலத்தைச் சுரண்டிவிட்டு, வீடு கட்டும் நிலத்துக்குரிய மஞ்சள் பூச உட்கார்ந்த வரைவாளர் ஜெபமணி, மின்விசிறிக்குத் தாள் பறக்காமல் இருக்க ஐயா வைத்திருந்த பேப்பர் வெயிட்டைச் சுற்றிச் சுற்றிப் பூசினாளே தவிர, அதை நகர்த்தவில்லை. அந்த ஆபீஸில் மேலதிகாரியின் பேனாவை, நாற்காலியை, டம்ளரை, பேப்பர் வெயிட்டைக் கீழுள்ளவர்கள் தொடுவது வழக்கமில்லை. எழுதி வைத்த விதி அல்ல. எழுதாத விதிக்குத்தான் அங்கே பலம் அதிகம். பேப்பர் வெயிட்டுக்கு அடியில் மூன்று சென்ட் நீலம் தப்பியது.

ஆகவே அறுபது ஏக்கர் ஏரிக்கும் அதைச் சுற்றியிருந்த ஊருக்கும் சேர்த்துப் பெய்ய வேண்டிய மழை, ரேஷன் கடையில் ஒரே ஜன்னல் திறந்திருப்பதைப்போல, தேசம்மாளின் மூன்று சென்ட்டில் வரிசை பிடித்தது. ஓங்கிப் பெய்து வீட்டை நொறுக்கவில்லை. அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. நிதானமாக, நூல் அறாமல், ஐப்பசி முடிந்து கார்த்திகை தீபத்தை அணைத்து, மார்கழிக் கோலத்தை அழித்து, தைப் பொங்கல் பானைக்குள்ளும் பெய்து, மாசியிலும் நின்றபாடில்லாமல் பெய்துகொண்டே இருந்தது. சுவரில் பாசி ஏறியது. தலையணையில் காளான் முளைத்தது. தேசம்மாளின் கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணானது. பதினாறு வருடத்தில் முதல்முறையாக வத்தல் பருவத்தில் ஒரு வத்தல்கூட அவள் வீட்டில் காயவில்லை.

அவள் புருஷன் கன்னியப்பன் அந்தப் பதினெட்டு மாடிக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி. வெள்ளைச் சட்டைதான் சீருடை. அது பளிச்சென்று இல்லாவிட்டால் குடியிருப்போர் சங்கத்துக்குக் கௌரவக் குறைச்சல். ஈரத்தில் கிடந்து சட்டை பழுப்பேறிப் போனதால் தேசம்மாள் தினமும் அதைத் துவைத்துச் சொட்டு நீலம் போட்டு அலசி, எதிர்வீட்டு வெயிலில் இரவல் கொடியில் காயவைத்தாள். மாதத்துக்கு ஒரு நீல பாட்டில் செலவானது வாரத்துக்கு ஒன்றானது.

"நீ போய் சொல்லேன்யா உங்க சங்கத்துல. அவங்க மழையெல்லாம் இங்க வந்து ஊத்துதுன்னு."

"சொன்னேன் தேசு. எங்களுக்கு மழை வேணாம், நீங்களே வெச்சுக்கோங்கன்னு சொன்னாரு செக்ரட்டரி."

உண்மையில் அவர்கள் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். கார் நிறுத்தத்தில் தண்ணீர் இல்லை, குடை வேண்டாம், பால்கனியில் சாரல் இல்லை. கட்டட கம்பெனி மெட்ரோ நிலையம் முழுக்க விளம்பரம் வைத்தது: 'நகரம் நனையும், நீங்கள் நனைய மாட்டீர்கள்.' மார்கழி பிறந்ததும் ஆயிரத்து நூறு அடி ஆழ்துளைக் கிணறு மண்ணைக் கக்கியது. பிறகு சூடான காற்றைக் கக்கியது. கட்டடத்தைச் சுற்றி வைத்த பனைகள் நின்றபடியே செத்தன. வேறெங்கோ பிறந்து லாரியில் வந்த பனைகள் அவை. ராத்திரியிலும் சுவர் அனல் விட்டது. காக்காய்கள் வாயைப் பிளந்துகொண்டு ஏசி இயந்திரம் சொட்டும் தண்ணீருக்குச் சண்டை போட்டன. தண்ணீர் லாரிகள் வந்த வரத்தில் தெருவே குழிந்து போனது.

அப்போதுதான் ஊர் தேசம்மாளின் வீட்டைத் திரும்பிப் பார்த்தது. முதலில் குடத்தோடு வந்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்களுக்கு அவள் கதவைத் திறந்துவிட்டாள், தண்ணீரைப் பூட்டி வைத்த பாவம் வேண்டாமென்று. பிறகு பதினெட்டு மாடிக்காரர்கள் இருபது லிட்டர் கேன்களோடு வந்தார்கள். சங்கத்துச் செயலாளர் அச்சுதன் அவளைக் கேட்காமலேயே அவள் வாசலில் கயிறு கட்டி, எந்தப் பிளாக்குக்கு எந்த நேரம் என்று அட்டவணை எழுதி, அவள் வீட்டுச் சுவரிலேயே ஒட்டினார். அதில் அவளுக்கு என்று நேரம் ஒதுக்கப்படவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வந்து வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மழையம்மா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ உண்டியல் ஒன்றைக்கூட வைத்துவிட்டுப் போனார்கள். தேசம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் கூட்டித் தள்ளினாள்.

"அம்மனும் இல்ல, கிம்மனும் இல்ல. ஏரிய வித்துத் தின்னுட்டு இங்க வந்து கற்பூரம் கொளுத்துறீங்களா? போங்க, ரயிலடியில போயி கொளுத்துங்க!"

கோபம் அவளுக்கு ஈரத்தோடு ஈரமாக வளர்ந்தது. கணுக்கால் தண்ணீரில் நின்று சோறு பொங்கும்போது கோபம் வந்தது. நனைந்த பாயைப் பிழிந்து அதிலேயே படுக்கும்போது வந்தது. கண்ணாடி லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள் அவள் மழையில் குளித்துவிட்டு, போகும்போது பாவமாக இருக்கிறது என்று அவளைப் பார்த்துச் சொல்லும்போது அதிகமாகவே வந்தது.

இதற்கிடையில் இன்னொரு காரியம் நடந்தது. மழைக்குத்தான் படிப்பு உண்டு, தண்ணீருக்குக் கிடையாது. மழையாக இருந்தவரை உத்தரவை மதித்து மூன்று சென்ட்டுக்குள் இறங்கிய அது, மண்ணைத் தொட்டதும் தண்ணீராகி, எழுத்தை மறந்து, பள்ளத்தைத் தேடியது. பள்ளம் எங்கே இருந்தது? ஏரி இருந்த இடத்தில் இருந்தது. ஏரி இருந்த இடத்தில் என்ன இருந்தது? மாசி மாதம் ஒரு திங்கள்கிழமை காலை, கார் எடுக்கப் போனவர்கள் இரண்டாம் அடித்தளத்தில் முழங்கால் தண்ணீரையும் அதில் நீந்திக்கொண்டிருந்த இரண்டு குரவை மீனையும் பார்த்தார்கள்.

அன்று மாலையே அச்சுதன் புகார் எழுதினார். குடிக்கத் தேவையான மழை மட்டும் அந்த வீட்டில் பெய்யலாம், மிச்ச மழை தங்கள் சொத்துக்குள் வருவது அத்துமீறல் என்று அதில் இருந்தது. ஆபீஸிலிருந்து ஆள் வந்து, குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி அளந்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. அதை எதிர்வீட்டுக்காரியின் மகள்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாள்: ஆய்வில் மேற்படி இடம் ஆண்டு முழுவதும் நீர் உள்ள நீர்நிலை என உறுதியாவதாலும், வரைபடத்திலும் நீல வண்ணம் உள்ளதாலும், அதில் கட்டப்பட்டுள்ள வீடு நீர்நிலை ஆக்கிரமிப்பு ஆகும்; பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்; ஆட்சேபணை இருந்தால் அதற்குள் ஆபீஸில் நடக்கும் விசாரணைக்கு நேரில் வரலாம்; மாற்றிடமாக முப்பது கிலோமீட்டர் தள்ளி எட்டாவது மாடியில் ஒரு குடியிருப்பு ஒதுக்கப்படும்.

கன்னியப்பன் நோட்டீஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏரியில கட்டுன பதினெட்டு மாடி வீடாம், கரையில இருக்கிற நம்ம வூடு ஏரியாம். இன்னா தேசு இது?" என்று கேட்டான். அழுதுவிடுவான் போல இருந்தது.

விசாரணை நாளன்று காலையில் அவன் சட்டைக்குச் சொட்டு நீலம் தீர்ந்து போயிருந்ததால், மெட்ரோ நிலையத்துக்குக் கீழே உள்ள கடையில் பெரிய பாட்டிலாக ஒன்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அந்த ரயிலிலேயே ஏறி தேசம்மாள் ஆபீஸுக்குப் போனாள். ரயில் நல்லாத்தான் இருந்தது. அதை நினைத்தும் அவளுக்குக் கோபம் வந்தது. ரயில் விடத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஏரியைச் சுற்றிக்கொண்டு போகத் தெரியாதா என்று.

வைத்தியலிங்கத்தின் அறையில் பெரிய மேசையின் மேல் அந்த வரைபடம் விரித்திருந்தது. ஒரு மூலையில் பேப்பர் வெயிட். ஒரு பக்கம் அச்சுதன் கோப்போடு உட்கார்ந்திருந்தார். மேசைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, நாற்பது வயதிருக்கும் மெலிந்த பெண்ணொருத்தி முத்திரைக் கட்டையும் மைப்பெட்டியும் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள்தான் ஜெபமணி. தேசம்மாளின் வெளுத்துப்போன கால்களைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீர்நிலைகளைப் பாதுகாக்கணும்மா. கோர்ட்டே சொல்லியிருக்கு. நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார் வைத்தியலிங்கம்.

"பாதுகாக்கணும் சார். நான் ஒண்ணு கேக்குறேன். ஏரிய நீங்க எந்த மாசம் வந்து அளந்தீங்க?"

அவர் கோப்பைப் புரட்டினார். "மே மாசம்."

"எங்க வூட்ட?"

"இப்பதான். பிப்ரவரி."

"மழை கொட்டுறப்ப வந்து அளந்தா வூடு ஏரி. மண்டை பொளக்குற வெயில்ல வந்து அளந்தா ஏரி தரிசு. மே மாசம் எங்க வூட்டுக்கு ஏன் வரல? ஐப்பசியில ஏரிக்கு ஏன் வரல? வந்திருந்தா ஷூ நனைஞ்சிருக்கும்னா?"

அச்சுதன் தொண்டையைச் செருமினார். "அம்மா, நாங்க கடன் வாங்கி வீடு வாங்கினவங்க. எல்லா பேப்பரும் சரியா இருக்குன்னு சொன்னாங்க, வாங்கினோம். எங்க மேல கோபப்பட்டு என்ன பிரயோஜனம்?"

"உங்கள ஏமாத்துனவன வுட்டுட்டு என் மேல புகார் எழுதுனீங்களே, அதுக்கு இன்னா பிரயோஜனம்?" என்றவள் வைத்தியலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "சரி சார். எங்க வூடு ஏரின்னே வெச்சுக்குவோம். மூணு சென்ட்டுல எங்கியாவது ஏரி இருக்குமா? இது ஏரின்னா, கூட ஒட்டியிருந்த மிச்ச ஏரி எங்க? அத எடுத்துக் காட்டுங்க, நான் இன்னிக்கே காலி பண்றேன்."

வைத்தியலிங்கம் ஓய்வுபெற ஒன்பது மாதமே இருந்த மனிதர். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு பொட்டு நீலம் இருந்தால் மிச்ச நீலம் எங்கே என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். அவர் குரலில் திடீரென்று தேன் வடிந்தது.

"நீ சொல்றது நியாயம்தான். இங்க ஏரியே கிடையாது, அப்புறம் உன் வீடு மட்டும் எப்படி ஏரியாகும்? எழுத்துப் பிழை. ஜெபமணி, இதையும் மஞ்சளாக்கிடும்மா. நோட்டீஸ் ரத்து. சார், உங்களுக்கும் கார் நிறுத்தத்துல தண்ணி வராது. எல்லாருக்கும் சந்தோஷம்தானே?"

அவரே தம் கையால் பேப்பர் வெயிட்டை எடுத்தார். அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் இருந்தது. ஜெபமணி பிளேடால் அதைச் சுரண்டினாள். மஞ்சள் பூசினாள். ஐயா முத்திரை வைக்கச் சொன்னார், வைத்தாள். ஈரம் காயட்டும், பறக்கப் போகிறது என்று தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பூச்சு ஒட்டாமலிருக்க அந்த இடத்தின் மேல் ஒரு காகிதத்தை வைத்து, அதன்மேல் ஐயா பேப்பர் வெயிட்டைத் திரும்ப வைத்தார். தேசம்மாளின் பையில் இருந்த போன் அடித்தது.

"தேசு! நின்னுடுச்சு! மழ நின்னுடுச்சு! வூட்டு மேல வெயிலு அடிக்குதுடி!" கன்னியப்பன் போனிலேயே அழுதான்.

ஐந்து மாதமாக எதற்காக அவள் ஏங்கினாளோ அது கிடைத்துவிட்டது. வீடு அவளுடையது, வெயில் அவளுடையது. எழுந்து கும்பிடு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். எழுந்தும்விட்டாள். அப்போது ஜெபமணி, பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் கேட்கும்படி, உதடு அசையாமல் சொன்னாள்: "இனி தாளில் ஒரு பொட்டு நீலம்கூட இல்லைங்க. மழை எங்கே பெய்யும்?"

தேசம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நெடுங்கரைப்பாக்கத்தின் திசையில் ஐந்து மாதமாக வரிசையில் நின்ற மேகங்கள், ரேஷன் ஜன்னலை மூடிவிட்டார்கள் என்று தெரிந்து, ஒவ்வொன்றாகத் திரும்பிக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. குடத்தோடு வந்த பக்கத்துத் தெருக்காரர்களை நினைத்தாள். வாய் பிளந்த காக்காய்களை நினைத்தாள். அந்த ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்த கார்த்திகை மாதங்களில் கரை முழுக்க மீன் குழம்பு வாசனை அடித்ததை நினைத்தாள். இந்த மனிதர் ஒரு பிளேடையும் ஒரு தூரிகையையும் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் சந்தோஷம்தானே என்று கேட்டதையும் நினைத்தாள்.

பையிலிருந்து சொட்டு நீலம் பாட்டிலை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, வரைபடத்தின் மேல் பாதி பாட்டிலைச் சாய்த்தாள்.

"ஏய், ஏய்! என்னம்மா பண்ற!"

அவள் கண்ட கண்ட இடத்தில் ஊற்றவில்லை. கரை எங்கே வளைகிறது, மதகு எங்கே, கலங்கல் எங்கே, வரத்துக் கால்வாய் எந்தப் பக்கமிருந்து வந்து சேர்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கரையில் நடந்தவள். நீலத்தில் தோய்ந்த விரலால் கரையை இழுத்தாள், கால்வாயை இழுத்தாள், அறுபது ஏக்கரையும் உள்ளங்கையால் நிரப்பினாள். "இது ஏரி. இதுவும் ஏரி. இதா, உங்க பதினெட்டு மாடி, இதுவும் ஏரிதான். மே மாசத்துலயும் ஏரி. பாத்துக்கங்கடா!" மின்விசிறிக் காற்றில் நீலத் துளிகள் தெறித்துத் தெருக்களின் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தன. வழிந்து வந்த நீலம் ஓரத்தில் இருந்த பேப்பர் வெயிட்டைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் வீட்டின் மேல் ஏறவில்லை. அந்தக் கண்ணாடிக் குண்டை நகர்த்தித் தாளைக் காப்பாற்றலாம் என்று அறைக்குள் ஓடிவந்த மூன்று குமாஸ்தாக்களுக்கும் தோன்றியது. மூன்று பேரும் கையை நீட்டி, அது யாருடையது என்று நினைவு வந்து, கையை இழுத்துக்கொண்டார்கள்.

"தாளை மாத்துங்க! முத்திரை இல்லாம இது செல்லாது!" என்று கத்தினார் வைத்தியலிங்கம்.

ஜெபமணி பதினோரு வருடமாக அந்த அறையில் சுவரோடு நின்றவள். முன்னால் வந்தாள், முத்திரைக் கட்டையை மைப்பெட்டியில் அழுத்தினாள், இரண்டு கையாலும் ஓங்கி நீலத்தின் நடுவில் குத்தினாள். மேசை அதிர்ந்தது.

"இப்ப செல்லும் சார்," என்றாள்.

வெளியே, பாதித் தூரம் போன மேகங்கள் நின்றன.

தேசம்மாள் ரயிலில் திரும்பி வந்தபோது மழை இறங்கியிருந்தது. ஐந்து மாதம் ஒற்றை ஜன்னலில் நின்று அலுத்த மழை, அறுபது ஏக்கரும் திறந்து கிடந்ததைக் கண்டு, ஆறு கட்டடத்தின் மேலும் ஒரே நேரத்தில் பாய்ந்தது. ஜனங்கள் பத்திரமாக மேல் மாடிகளுக்கு ஏறிக்கொள்ளப் பகல் முழுக்க நேரம் கொடுத்து, பிறகுதான் தண்ணீர் உயர்ந்தது. பங்குனிக்குள் முதல் மாடி ஏரிக்குப் போய்விட்டது. லிஃப்ட் குழியில் தவளைகள் குடும்பம் நடத்தின, இரண்டாவது மாடி பால்கனிகளில் நாரைகள் நின்றன, கன்னியப்பன் நாற்காலியைத் தூக்கி மாடிப்படியில் போட்டுக்கொண்டு அங்கிருந்து சல்யூட் அடித்தான். துளி தெறித்த தெருக்களில் தினமும் இதமான தூறல் விழுந்தது, குடங்கள் அவரவர் வாசலிலேயே நிரம்பின. ஆபீஸுக்கு வேறு வழியில்லாமல் போனது. வரைபடம் நீலம், முத்திரை செல்லும். ஆகவே அதே நோட்டீஸை, தேசம்மாளின் பெயரை அடித்துவிட்டு, ஆயிரத்து நூற்று நாற்பது வீட்டுக் கதவுகளிலும் அவர்களே படகில் வந்து ஒட்டினார்கள். அதைப் படித்த அச்சுதன் முதல்முறையாகக் கம்பெனியின் மேல் வழக்குப் போட்டார். வைத்தியலிங்கம் நீண்ட விடுப்பில் போனார். ஜெபமணியைத் தற்காலிகமாக வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் தவக்கால நோன்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வத்தல் வேண்டுமென்று தேசம்மாள் வீட்டுக்கு வந்து போகிறாள்.

தேசம்மாளின் மூன்று சென்ட்டில் மட்டும் சுள்ளென்று வெயில் அடிக்கிறது. நாலு பக்கமும் மழை சுவராக நிற்க, நடுவில் மொட்டைமாடியில் உட்கார்ந்து அவள் கூழ் வத்தல் பிழிகிறாள். ஒரு பொழுதில் காய்ந்துவிடுகிறது. அவள் பழைய பேப்பரில் வத்தல் மடிப்பதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு தாளையும் எதிர்வீட்டுக்காரியின் மகளைக் கூப்பிட்டு, எறும்பு எழுத்து உட்பட, முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். போன வாரத்துத் தாளில் இருந்தது: நெடுங்கரைப்பாக்கம் நில வகைப்பாடு மறு ஆய்வு, கள ஆய்வு மே மாதம், ஆட்சேபணைக்கு இருபத்தொரு நாள்.

"மறுபடியும் மே மாசமா வராங்க?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

"வரட்டும்," என்றாள் தேசம்மாள். "பாட்டில்ல இன்னும் பாதி கெடக்குது."